வலது பக்கத்து நாற்காலி

சலேத் மேரி வந்ததும் முதலில் செய்தது
நாற்காலியைத் தூக்கி
என் வலது பக்கம் போட்டுக்கொண்டதுதான்.
யாரும் அவளிடம் சொல்லவில்லை.
வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள்,
கழுத்தை நான் எந்தப் பக்கம் திருப்பினேன் என்று
பார்த்திருக்கிறாள்.

புதுவயலில் எங்கள் தெருவுக்குப் பின்னால்
நெல் அவிக்கிற மில் நாலு.
அதில் ஒன்றில் எட்டு வருஷம் எனக்கு ராக்காவல்.
போன தடவை நானே எழுதிப் போட்ட மனுவுக்கு
வந்த பதிலை
மருந்துக்கடைப் பையன் படித்துச் சொன்னான்:
பட்டாளத்தால் வந்த கோளாறு இல்லையாம்,
மில் சத்தத்தால் இருக்கலாமாம்.

அதற்கும் முன்னே
காரைக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருத்தன்,
கோட்டு மாட்டின படம் போட்ட கார்டு வைத்திருந்தான்.
"வர்ற அரியர்ஸ்ல நூத்துக்கு முப்பது குடுங்க,
இதயத்தையும் சேர்த்து எழுதிடுவோம்."
என் இதயத்துக்கு ஒன்றும் இல்லையே என்றேன்.
"அது உங்களுக்குத் தெரியாது" என்றான்.

சலேத்துக்குக் கூலி ஒரு டம்ளர் காப்பி,
அதுவும் சர்க்கரை இல்லாமல்.
புருஷன் சிக்னல்ஸில் இருந்து செத்தவர்.
அந்தப் பென்ஷனுக்காக ஆறு வருஷம்
சிவகங்கைக்கு அலைந்த அலைச்சலில்
எந்த ஃபாரத்துக்கு எத்தனை நகல் என்பது
ஜெபமாலை மாதிரி விரலில் ஏறிவிட்டதாம்.

"சொல்லுங்க. பெருசாவும் வேண்டாம்,
சிறுசாவும் வேண்டாம். நடந்த அளவுக்கு."

சொன்னேன். எண்பத்தெட்டு. பீரங்கி.
போர்கூட இல்லை, பயிற்சி.
பஞ்சு தீர்ந்துபோய்
பீடிக் கட்டுத் தாளைக் கசக்கித் திணித்துக்கொண்டோம்.
மூன்றாவது குண்டில் என் இடது காதுக்குள்
ஒரு வண்டு நுழைந்தது.
இன்னும் வெளியே வரவில்லை.

எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.
"ரிலீஸ் ஆகும்போது
மெடிக்கல் போர்டுல என்ன சொன்னீங்க?"

நல்லாக் கேக்குது சார், என்றேன்.
டாக்டர் உதட்டைப் பார்த்துப் பார்த்தே
அத்தனைக்கும் பதில் சொன்னேன்.
பேங்க் வாட்ச்மேன் வேலைக்குக்
காது சரியாக இருக்கணும் என்றார்கள்.
மூத்தவளுக்கு அப்போது பதினேழு.
(அந்த வேலையும் கிடைக்கவில்லை, அது வேற கதை.)
இதை என் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.
அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம்
நின்றது, அது எனக்குக் கேட்டது.

சலேத் திட்டுவாள் என்று இருந்தேன்.
"அதையும் எழுதணும்" என்றாள்.
"மறைச்சது தெரியப்போகுதுன்னா
நம்ம கையெழுத்துலயே தெரியட்டும்."

சாட்சி வேண்டுமாம்.
கூட நின்ற ராக்கப்பன் தேவகோட்டையில் இருக்கிறான்.
போன் போட்டோம்.
யாரு? என்ன? யாரு பேசுறது? எங்கே பேசுறே?
கால் மணி நேரம்.
அவனுக்கும் போயிருக்கிறது, வலது காது.
பீரங்கிக்கு அந்தப் பக்கம் நின்றவன்.

சலேத் போனை வாங்கிக்கொண்டாள்.
அவன் சொன்னதை எனக்கு, நான் சொன்னதை அவனுக்கு,
நடுவில் தாளுக்கு.
பீடித்தாளை அவன் மறக்கவில்லை,
தாளின் நிறத்தைக்கூடச் சொன்னானாம்.
வைக்கும் முன்னே
"உங்க மனு எங்கே அண்ணே?" என்று
அவனுக்கும் நகல் கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சிவகங்கை.
கிளார்க் அவளைப் பார்த்தே எல்லாம் கேட்டார்,
என் பெயர், என் நம்பர், என் காது.
அவள் வாயைத் திறக்கவில்லை.
கடைசியில் அவரே
மேஜையைச் சுற்றிக்கொண்டு
என் வலது பக்கம் வந்து நின்று கேட்டார்.
சேவுகப்பெருமாள், என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

திரும்பும்போது பஸ்ஸில்
பதில் வர எத்தனை மாசம் ஆகும் என்று கேட்டேன்.
என்னமோ சொன்னாள். கல்லல் வளைவு, ஹாரன்.
என்ன?
"தெரியாதுண்ணே" என்றாள்.
முதல் தடவையும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.